கங்காணி: கண்ணும் காணலும் சேர்ந்த ஒரு சொல்லின் வரலாறு

விறகை வெட்டுகிறவர் விறகுவெட்டி. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. வழியைக் காட்டுகிறவர் வழிகாட்டி. இப்படி அமைந்த கூட்டுச்சொற்களில் முன்னால் நிற்கும் பெயர், செயல் எதன்மேல் நிகழ்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. வெட்டுப்படுவது விறகு, கொத்துப்படுவது மரம். இதே வார்ப்பில் அமைந்த இன்னொரு சொல் மலையகத்தில் இருநூறு ஆண்டுகளாகப் புழங்கிவருகிறது. அது கங்காணி. கண், காண், இ என்ற மூன்றும் சேர்ந்தது. இங்கே முன்னால் நிற்கும் கண், காணப்படும் பொருளன்று, காண்பதற்கான கருவி. யாரைக் காண்பவர், எதைக் காண்பவர் என்று இந்தச் சொல் சொல்வதே இல்லை. காண்பவருக்குச் சொல்லில் இரண்டு முறை இடம் கிடைத்திருக்கிறது, கண்ணாகவும் காணலாகவும். காணப்பட்டவருக்கு ஒருமுறைகூட இடமில்லை.

மலையகத் தோட்டங்களின் வரலாற்றைப் படித்துவிட்டு மீண்டும் இந்தச் சொல்லுக்கு வரும்போதெல்லாம் அந்த வெற்றிடம்தான் கண்ணில் படுகிறது. ஒரு சொல்லின் அமைப்பு அதன் வரலாற்றை முன்கூட்டி எழுதிவைத்துவிடாது. ஆனால் கங்காணி என்ற சொல்லின் வரலாறு, அதில் விடுபட்ட அந்த மக்களின் வரலாறாகவே ஆகிப்போனது. இந்தக் கட்டுரை சொல்லவருவது அதைத்தான்.

கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியில் ஏறினால், மலைச்சரிவில் நான்கு மாடிகளுடன் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. 1925இல் கட்டப்பட்டது. இயக்கம் நின்று கைவிடப்பட்டுக் கிடந்த அந்தக் கட்டடம் திருத்தப்பட்டு, 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கொழுந்தை உருட்டிய, உலர்த்திய பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருள்களும் அங்கே இருக்கின்றன. அதே ஹந்தானை மலையின் இன்னொரு அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. கணபதிப்பிள்ளை, தம் ஆய்வுப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை. ஒரு பக்கம் கங்காணி நடந்த தேயிலை மலை, மறுபக்கம் கண்காணி என்று பொறித்த கல்வெட்டுகளைப் படிக்கக் கற்றுத்தரும் தமிழ்த்துறை. சொல்லின் இரண்டு முனைகளும் ஒரே மலையின் இரு அடிவாரங்களில் இருக்கின்றன.

சொல்லின் உடல்

முதலில் ஒலியைப் பார்ப்போம். எழுத்து வழக்கில் கண்காணி, பேச்சில் கங்காணி. ‘ண்’ சொல்ல நாநுனி மேலண்ணத்தை நோக்கி வளைய வேண்டும். அடுத்த கணமே ‘க’ சொல்ல நாவின் அடி பின்னண்ணத்துக்குப் போக வேண்டும். வேகமாகப் பேசும் வாய் இந்த இரட்டை வேலையைச் செய்வதில்லை. வரப்போகும் ககரத்துக்கு ஏற்றபடி மூக்கொலியையும் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. ‘ண்’ என்பது ‘ங்’ ஆகிறது. வெண்கலம் வெங்கலம் ஆனதும் இதே வழியில்தான். ஆகவே கங்காணி என்பதைச் சிதைவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. தமிழ் வாயின் இயல்பான நடை அது.

அடுத்து பொருள். கண் என்ற பெயரும் காண் என்ற வினையும் உறவுச்சொற்கள். காண் என்ற வினையை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: கண்டேன், கண்டாய், கண்டார். நெடில் குறுகி, உள்ளே இருந்த கண் வெளியே வந்துவிடுகிறது. எனவே கண்காணி என்பது ஒரே வேரின் இரண்டு கிளைகளைச் சேர்த்துக் கட்டியது. வெறுமனே பார்ப்பதைச் சொல்ல இவ்வளவு தேவையில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதைச் சொல்லத்தான் இந்த இரட்டிப்பு. பின்னால் வரும் ‘இ’ விகுதி செய்பவரையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். விறகுவெட்டி ஆள், மண்வெட்டி கருவி. கங்காணி ஆளா, கருவியா என்ற கேள்வி தோட்ட வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்தது என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இலங்கைத் தமிழில் காணி என்றால் நிலம். கங்காணியின் பின்பாதியில் அந்தக் காணி ஒலிக்கிறது. நிலத்தைப் பார்ப்பவர் என்பதால்தான் கங்காணி என்று பொருள் கொள்ளச் சிலருக்குத் தோன்றும். அது ஒலி ஒப்புமை மட்டுமே. கங்காணி பார்த்தது நிலத்தையல்ல, நிலத்தில் வேலை செய்தவர்களை.

கோயில் கணக்கிலிருந்து

கண்காணி தோட்டத்துக்காகப் பிறந்த சொல்லன்று. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஸ்ரீகாரியக் கண்காணி, மாகேசுவரக் கண்காணி போன்ற தொடர்கள் வருகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட நிலமும் பொன்னும் விளக்குக்கான ஆடுகளும் சொன்ன தருமத்துக்கே செலவாகின்றனவா என்று மேற்பார்த்தவர்களின் பொறுப்பு அது. அந்தக் கண் ஆள்களைவிட அறக்கட்டளையைக் காத்த கண்.

திருமூலர் அதை இன்னும் மேலே கொண்டுபோகிறார். திருமந்திரத்தில் கண்காணி என்பது இறைவனுக்கு ஆகிவரும் பெயர். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் களவு செய்கிறவனையும் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற பொருளில், ஒரே பாட்டில் மீண்டும் மீண்டும் அந்தச் சொல்லை அடுக்குகிறார். இடைக்காலத் தமிழில் இந்தச் சொல்லுக்கு இருந்த கனம் இது: கல்வெட்டில் நம்பிக்கைப் பொறுப்பு, பாட்டில் கடவுளின் இயல்பு. பின்னாளில் மலையக நாட்டார் பாடல்களில் அதே சொல் வசவாக வந்து நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது?

சிங்களத்தில் தங்கிய வடிவம்

நடுவில் ஒரு படி இருக்கிறது. தோட்டங்கள் வருவதற்கு முன்பே இந்தச் சொல் இலங்கையில் இருந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கரையோரத்தில் உள்நாட்டாரைக் கொண்டு அமைந்த லஸ்கரின் படையில், ஆராச்சிக்குக் கீழ்நிலையில் இருந்த சிறு தலைவனுக்குக் கங்காணி என்று பெயர். சிங்களத்தில் அது கங்கானம என்ற வடிவம் பெற்றது. இன்றும் சிங்களவரிடையே, குறிப்பாகத் தென்பகுதிக் குடும்பங்களிடையே, பரவலாக வழங்கும் பரம்பரைப் பெயர்களில் ஒன்று கங்கானம்கே. கங்கானத்தின் வீட்டைச் சேர்ந்தவர் என்று பொருள்.

சொல்லாராய்ச்சிக்கு இது நல்ல சான்று. சிங்களத்துக்குப் போன வடிவத்தில் ணகர மெய் இல்லை. பின்னால் ஆங்கிலேயத் தோட்டக்காரர் எழுதிவைத்த வடிவத்திலும் இல்லை. இருவருமே ஏட்டிலிருந்து இந்தச் சொல்லை எடுக்கவில்லை. தமிழரின் வாயிலிருந்து எடுத்தார்கள். எடுத்தவர்களுக்கு அதற்குள் கண் இருப்பது தெரியாது. ஒரு மொழியின் கூட்டுச்சொல் இன்னொரு மொழிக்குள் போகும்போது அதன் பொருத்துகள் மூடிக்கொள்கின்றன. உள்ளே இருந்த இரண்டு சொற்களும் ஒரே கட்டியாக உறைந்துவிடுகின்றன.

கண்டிச் சீமையில்

1820களில் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்டும், பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பி பயிரிட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டியைச் சுற்றிய மலைகளில் காடு அழிந்து கோப்பி பரவியது. ஹந்தானையும் அதில் ஒன்று. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் கை நிறைய ஆள் வேண்டும். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். போன இடம் நுவரெலியாவானாலும் பதுளையானாலும் ஊரில் விட்டுவந்தவர்களுக்கு அது கண்டிச் சீமைதான். சிங்களத்தில் மலையைக் குறிக்கும் கந்த என்ற சொல்லிலிருந்து வந்த ஒரு நகரின் பெயர், தமிழக ஊர்களில் மலைநாடு முழுவதற்கும் பெயரானது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒருவர் நடந்தார். அவர்தான் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில வேளைகளில் உறவுக்காரர். வெள்ளைத்துரைக்குத் தமிழ் தெரியாது, கூட்டத்துக்கு ஆங்கிலம் தெரியாது. வழிச்செலவு, அரிசி, தங்குமிடம், நோய், சாவு எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றவர் அவர். அந்நிய மண்ணில் முகம் தெரிந்த ஒரே ஆளும் அவரே. அந்த அளவில் பார்த்துக்கொள்கிறவர் என்ற பழைய பொருள் அவரிடம் உயிரோடு இருந்தது என்பதை மறுக்கக் கூடாது.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியில் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள். லயம் என்பதும் ஆங்கிலத்தின் லைன் தமிழ் உடை உடுத்திக்கொண்டதுதான். கங்காணியும் நிலைத்தார். கூட்டம் முழுவதற்கும் பொறுப்பானவர் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள்.

துண்டு

நம்பிக்கைப் பொறுப்பு எப்படி நுகத்தடியானது என்பதற்கு விடை ஒரு சிறிய காகிதத்தில் இருக்கிறது. அதன் பெயர் துண்டு.

ஆள் கொண்டுவரத் தோட்டம் கங்காணியிடம் முன்பணம் கொடுத்தது. அவர் அதைத் தம் கூட்டத்தின் தலையில் கடனாக ஏற்றினார். வழிச்செலவும் கடன், அரிசியும் கடன். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு, எழுத்து அறியாத தொழிலாளியின் கைக்கு வருவதில்லை. கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத்துரை ஒரு துண்டு எழுதிக்கொடுப்பார். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். கடன் தோட்டம் மாறும், கடனாளி மாறுவதில்லை. மனிதர்கள் ஒரு காகிதத்தின் மதிப்பில் கைமாறினார்கள்.

இதோடு இன்னொரு வருமானம். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்கணக்கில் கங்காணிக்குச் சில்லறை உண்டு. ஆங்கில ஏடுகள் அதைப் பென்ஸ் மணி என்று குறித்தன. எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை காசு. காய்ச்சலோடு ஒருத்தி லயத்தில் படுத்திருந்தால் கங்காணிக்கு அன்றைய காசு குறையும். கண்ணுக்கும் காசுக்கும் இப்படி முடிச்சுப் போட்டபிறகு அந்தக் கண் எதைப் பார்க்கும்? சோழர் கோயிலில் பிறர் களவு செய்யாமல் பார்த்த கண், இங்கே ஒரு தலையும் தவறாமல் எண்ணும் கண்ணானது. சொல் அதேதான், இலக்கணம் அதேதான். மாறியது சம்பளம் வந்த வழி.

பெரட்டுக்களத்தில் இதை நேரில் பார்க்கலாம். விடியுமுன் தப்பு ஒலிக்கும். இருட்டோடு இருட்டாக ஆள்கள் களத்தில் வந்து நிற்பார்கள். யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார்கள். தோட்டத் தமிழில் மலை என்றால் தேயிலைத் தோட்டத்தின் ஒரு பகுதி. கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பார்கள். பின்னால் கங்காணி நடப்பார். இலை முற்றியிருக்கிறதா, நிரை விட்டுப்போகிறதா என்று பார்ப்பார். முழுநாள் வேலைக்கு ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். பேர் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மனிதரின் பெயருக்கு எதிரே ஏட்டில் விழுந்த குறிக்குப் பேர் என்று பெயர். அந்தக் குறியே கூலி. அது பாதியாகும்போது மனிதரின் பேரே பாதியாகிறது. கங்காணி என்ற சொல்லில் இடம் கிடைக்காத மக்கள், தங்கள் உழைப்புக்குத் தங்கள் பேரையே அளவாக வைத்துப் பேசினார்கள்.

துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் கங்காணி முறைக்கு எதிராக எழுதியும் பேசியும் போராடி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1939இல் இந்திய அரசு உடலுழைப்புக்காக இலங்கைக்கு ஆள் போவதைத் தடுத்தது. ஆள் கொண்டுவந்த கங்காணி அத்தோடு முடிந்தார். வேலை பார்க்கும் கங்காணி மிஞ்சினார். இன்று சில தோட்டங்களில் பெண்களும் கங்காணிகளாக இருக்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலும் இதே பெயரில் இதே முறை நடந்து, 1938இல் இந்தியாவின் தடையோடு நின்றது. பர்மாவில் அதே வேலையைச் செய்தவருக்கு மேஸ்திரி என்று பெயர். அது போர்த்துக்கேயத்திலிருந்து வந்த சொல்.

மேலே ஒரு கண், கீழே ஒரு கண்

இந்தச் சொல்லுக்கு உலகத்தில் உறவினர் உண்டு. இரத்த உறவல்ல, எண்ண உறவு. கிரேக்கத்தில் எபிஸ்கொபொஸ் என்றால் மேலிருந்து பார்ப்பவர். எபி மேலே, ஸ்கொபொஸ் பார்ப்பவர். திருச்சபை அதை ஆயருக்குப் பெயராக்கியது. இலத்தீன் வழியாக அது ஆங்கிலத்தில் பிஷப் ஆனது. அயர்லாந்து மொழியில் தேய்ந்து அஸ்பக் என்று ஒலிக்கும் சொல்லானது. பிஷப் என்று சொல்லும் ஆங்கிலேயருக்கும் அஸ்பக் என்று சொல்லும் அயர்லாந்துக்காரருக்கும் உள்ளே ஒரு பார்வை ஒளிந்திருப்பது தெரியாது, கங்கானம்கே என்று கையொப்பமிடும் சிங்களவருக்குத் தமிழ்க் கண் தெரியாததுபோல. தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பொருத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கும் பிலிப்பியருக்கும் எழுதிய கடிதங்களின் பழைய தமிழாக்கத்தில் ஆயருக்கு வரும் சொல் கண்காணி. உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் மொழிபெயர்ப்பு.

இன்னொரு உறவு ஹந்தானையிலேயே இருக்கிறது. தோட்டத்தின் உச்சியில் இருப்பவரைப் பேச்சில் துரை என்றாலும், எழுத்தில் தோட்ட அத்தியட்சகர் என்கிறோம். பொலிஸ் அத்தியட்சகர் என்பதும் இலங்கை வழக்கு. தமிழகத்தில் அதே பதவிக்குக் காவல் கண்காணிப்பாளர். அத்தியட்சகர் என்பதன் மூலம் வடமொழியின் அத்யக்ஷ. அதி என்றால் மேலே, அக்ஷ என்றால் கண். ஆக, தோட்டத்தின் மேல்படியில் இருப்பவரின் பெயரும் கண், களத்தில் நிற்பவரின் பெயரும் கண். ஒன்று வடமொழிக் கண், மற்றது தமிழ்க் கண். நடுவில் இருப்பவரோ கணக்கப்பிள்ளை. முழு ஏணியும் பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் பெயர் சூட்டியது. கொழுந்து எடுத்த விரல்களுக்கு அந்த ஏணியில் ஒரு பதவிப்பெயரும் இல்லை.

காணாத காணி

இனி, சொற்பிறப்பு நமக்கு என்ன சொல்கிறது? ஒரு சொல்லின் மெய்ப்பொருள் அதன் வேரில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள், கங்காணி என்பது நல்ல சொல், திருமூலர் ஆண்ட சொல் என்பார்கள். அது உண்மையே. ஆனால் முழு உண்மை அன்று. கண்காணி என்பதற்குத் திருமந்திரம் தந்த பொருள் எவ்வளவு மெய்யோ, அந்தப் பொருளை லயத்தில் இருந்தவர்கள் தங்கள் பாட்டுகளில் தலைகீழாக்கியதும் அவ்வளவு மெய். சி. வி. வேலுப்பிள்ளை அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் நமக்கு அந்தச் சான்று கிடைத்தது. வேரைச் சொல்லும் அகராதி அதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல்லின் வரலாறு நிறைவு பெறும்.

காணி என்ற ஒலியையும் விட்டுவிட முடியவில்லை. கங்காணியில் நிலம் இல்லை என்று முன்பே சொன்னேன். சொற்பிறப்பில் இல்லாதது வாழ்க்கையிலும் இல்லை என்பதுதான் வேதனை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களின் நாட்டைப் பறித்தது. குடியுரிமை பின்னால் திரும்பி வந்தது. ஆனால் லயத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் நிற்கும் நிலம் இன்றும் சொந்தமில்லை. 2023இல், வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். அந்த நடையில் எழுந்த கோரிக்கைகளில் காணியுரிமையும் ஒன்று.

ஹந்தானை அருங்காட்சியகம் இயந்திரங்களைக் காத்துவைத்திருக்கிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிப் பாதுகாத்துவருகிறார்கள். இரண்டும் நல்ல பணிகள். சொற்களை அப்படி ஒரு கட்டடத்தில் வைத்துப் பூட்ட முடியாது. பேசுகிறவர்களோடு அவை போய்விடும். பேர், அரைப்பேர், துண்டு, பெரட்டு, நிரை, சில்லறைக் கங்காணி ஆகிய சொற்களைத் தம் வாழ்க்கையின் சொற்களாகச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். மலையகப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பேராதனையில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். அப்பாயியிடமும் தாத்தாவிடமும் இந்தச் சொற்களைக் கேளுங்கள். சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதுங்கள்; தோட்டத்தின் பெயரையும் தேதியையும் கீழே குறியுங்கள். காண்பவரின் பெயரை மொழி ஆயிரம் ஆண்டுகளாகக் காத்துவைத்திருக்கிறது. காணப்பட்டவர்களின் சொற்களைக் காப்பது நம் கையில் இருக்கிறது.